ஆமாம் போட ஆள் வேண்டும்

(நாகர்கோவிலில் ஒரு குறும்படத் திரையிடலுக்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு இங்கே பேச வேண்டியவர் நான் இல்லை. அழைப்பிதழில் பெயர் போட்டிருக்கிற நண்பருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். நேற்றுச் சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. “சார், நீங்கதான் வந்து ஒப்பேத்தணும்” என்றார்கள். சொல்லைக் கவனித்தீர்களா? பேச வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, ஒப்பேற்ற வேண்டும். எனக்கு வருத்தம் இல்லை. நான் சொல்ல வந்த கதையே இன்னொருவருக்குப் பதிலாக எழுந்து நின்ற ஓர் ஆளிடமிருந்துதான் தொடங்குகிறது.

1922-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பத்திரிகைக்காரர்களும் நாடகக்காரர்களும் சேர்ந்து ஒரே ஒரு ராத்திரிக்கு ஒரு கேளிக்கை நிகழ்ச்சி போட்டார்கள். அதில் ராபர்ட் பெஞ்ச்லி என்ற நாடக விமர்சகர் ‘பொருளாளர் அறிக்கை’ என்று ஒரு தனிப்பேச்சு பேசினார். விஷயம் இவ்வளவுதான்: ஒரு சங்கத்தின் பொருளாளருக்கு உடம்பு சரியில்லை. வரவு செலவைச் சொல்ல உதவிப் பொருளாளரை எழுப்பி விடுகிறார்கள். அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை, கணக்கும் பிடிபடவில்லை. ஆனால் நாலு பேர் சிரிக்கிற மாதிரி பேசிவிட வேண்டும் என்று மட்டும் ஆசை. ஆரம்பித்த வேடிக்கைக் கதை பாதி வழியில் தொலைந்துபோகிறது. எண்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. நம் சங்கங்களின் ஆண்டு விழாவுக்குப் போய் வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அன்றைய கூட்டத்தில் இர்விங் பெர்லின் என்ற பெரிய பாடலாசிரியர் இருந்தார். தான் நடத்தும் இசை நிகழ்ச்சியில் தினமும் வந்து இதைப் பேச முடியுமா என்று கேட்டார். விமர்சனம் எழுதுகிறவன் மேடையேறுவதா என்று பெஞ்ச்லிக்குக் கூச்சம். கேட்டவர் ஓடிவிடட்டும் என்று வாரத்துக்கு 500 டாலர் என்றார். பெர்லின் சரி என்றுவிட்டார்! 1928-இல் ஃபாக்ஸ் நிறுவனம் அதே பேச்சைக் குறும்படமாக எடுத்தது. ‘தி ஜாஸ் சிங்கர்’ என்ற பேசும் படம் வந்த மறுவருஷம். பேசும் படம் என்பதே அதிசயமாக இருந்த காலம். ஸ்டாண்ட்-அப் என்று இப்போது நாம் சொல்கிற தொழில் உருப்பெறுவதற்கு முன்பே, தனியாளாக நின்று பேசிச் சிரிக்கவைத்தவர் குறும்படத்துக்கு வந்த கதை இது. படத்தில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. கேமராவை வைத்தார்கள், அவரைப் பேசவிட்டார்கள்.

அந்தப் படம் எனக்குப் பிடிக்கும். ஆனால் பார்க்கும்போதெல்லாம் ஒரு குறை தட்டும். அவர் பேசுகிறார், யாரோ கேட்கிறார்கள், நாம் அந்தக் கூட்டத்தில் இல்லை.

அந்தக் குறை என்ன என்று சொல்ல எனக்கு இந்த ஊர்ச் சரக்குதான் வேண்டும். நாகர்கோவிலில் நின்றுகொண்டு வில்லுப்பாட்டைப் பற்றிப் பேசுவது கொல்லத் தெருவில் ஊசி விற்பதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். கோயில் கொடையில் நடுராத்திரி. சுடலைமாடன் கதை ஓடுகிறது. வில்லடிக்கிறவர் ஒரு வரி சொல்கிறார். பக்கத்தில் இருப்பவர் “ஆமா” என்கிறார். இந்த “ஆமா”வுக்கு என்ன வேலை? கதையில் அது ஒரு புள்ளியைக்கூடச் சேர்ப்பதில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள், பாடுகிறவர் காற்றோடு பேசுகிற மாதிரி ஆகிவிடும். ஒரு “ஆமா”வில் பக்தி இருக்கும், ஒன்றில் ‘நீ சொன்னா நான் நம்பிருவேனா’ என்ற இழுப்பு இருக்கும். அந்த இழுப்பில்தான் கூட்டம் சிரிக்கும். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலிருந்து கிளம்பியவர். பிறகு திரைக்குப் போனார். போன இடத்தில் அவருக்கு ஆமாம் போடவும், ஆமாம் போட மறுக்கவும் டி.ஏ.மதுரம் கிடைத்தார். அந்த ஜோடிக் காட்சிகள் இன்னும் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கட்சி.

ஸ்டாண்ட்-அப் மேடையில் இருப்பவருக்கு ஆமாம் போடுவது எதிரே இருக்கும் கூட்டம். இருநூறு பேர் சேர்ந்து ஒரு “ஆமா”. அதை வைத்துத்தான் அவர் பிழைப்பே ஓடுகிறது. சிரிப்பு எழும், உச்சிக்குப் போகும், இறங்க ஆரம்பிக்கும். இறங்க ஆரம்பிக்கிற அந்த நொடியில் அடுத்த வரியைப் போட வேண்டும். முழுக்க இறங்கவிட்டால் கூட்டம் ஆறிப்போகும். ஏறும்போதே வாயைத் திறந்தால் வரி அமுங்கிப்போகும். இதை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. நூறு ராத்திரி அடிபட்டால்தான் காதுக்கு வரும். குறும்படம் எடுக்கப் போகிறேன் என்று அவர் கிளம்பும்போது முதலில் பறிபோவது இந்தக் காதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு ஆனால் ஓப்பன் மைக். அவனிடம் ஆறு நிமிஷ செட் ஒன்று இருந்தது. அப்பா ஏ.சி.யை 27-இல் வைத்துவிட்டு ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவார். அதைக் களவாட வீட்டில் மூன்று பேர் போடும் திட்டம். மேடையில் நான் பார்த்திருக்கிறேன், கூரை பறக்கும். அதையே தன் அறையில் வைத்துப் படமாக எடுத்தான். ஒரு நாள் லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். முதல் பஞ்ச் வந்தது. அதற்கப்புறம் மூன்று விநாடி. திரையில் அவன் நிற்கிறான். தலைக்கு மேல் ஃபேன் கிறீச் கிறீச்சென்று சுற்றுகிறது. அந்த மூன்று விநாடியில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தும் கண்டக்டர் மீதிச் சில்லறை தராமல் நிற்கிறவன் முகம். மேடையில் அந்த மூன்று விநாடியும் சிரிப்பால் நிறைந்திருந்தது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் இடம் விட்டிருக்கிறான். நிரப்பத்தான் ஆள் இல்லை.

“இடைவெளியை எல்லாம் வெட்டிடுறேன் சார்” என்றான். வெட்டினான். இப்போது செய்தி வாசிக்கிறவர் மாதிரி ஆகிவிட்டது.

இந்தச் சிக்கல் அவனுக்கு மட்டும் வந்ததில்லை. மேடையிலிருந்து வந்த மார்க்ஸ் சகோதரர்கள் 1935-இல் ‘எ நைட் அட் தி ஆப்பரா’ எடுப்பதற்கு முன், அதன் சிரிப்புக் காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் நாடக மேடையில் நடித்துப் பார்த்தார்கள். எந்த வரிக்குச் சிரிப்பு வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று குறித்துக்கொண்டு, படத்தில் அந்த அளவுக்கு இடம் விட்டார்கள். தியேட்டரில் ஆயிரம் பேர் சேர்ந்து பார்த்த காலத்தில் அது சரியான கணக்கு. ராத்திரி பதினோரு மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, காதில் இயர்போனோடு தனியாகப் பார்க்கிறவருக்கு அந்த இடைவெளி வெறும் ஓட்டைதான்.

பெஞ்ச்லிக்கே இது பிடிபட்டிருக்க வேண்டும். 1935-இல் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக ‘தூங்குவது எப்படி’ என்ற குறும்படத்தில் நடித்தார். நகைச்சுவைக் குறும்படத்துக்கான ஆஸ்கர் அதற்குத்தான். அதிலும் அவர் விரிவுரையாளர்தான். ஆனால் இந்தத் தடவை, அவர் விளக்கிக்கொண்டே போக, பைஜாமா போட்டுக்கொண்டு தூக்கம் வராமல் புரளுகிறவரும் அவரே. பேசுகிறவர் நிதானமாகப் பேசுகிறார், படுத்திருப்பவர் பாடாய்ப் படுகிறார். இப்போது கேமராவுக்கு வேலை வந்துவிட்டது. சொல் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம், நடுவில் சிரிப்பு.

அடுத்தவர் ஸ்டீவ் மார்ட்டின். சின்ன வயசில் டிஸ்னிலேண்டில் மேஜிக் சாமான் விற்ற பையன். கல்லூரியில் தத்துவம் படித்தார். படிக்கும்போது அவருக்கு ஒரு யோசனை: பஞ்ச் லைன் வந்ததும் சிரிக்கிறார்கள், அது பழக்கத்தில் வருகிற சிரிப்பு. பஞ்ச்சே தராமல் இறுக்கத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால்? எங்கே சிரிப்பது என்று அவர்களாகத்தானே முடிவு செய்ய வேண்டும்? இந்த யோசனையோடு வெறும் மேடைகளில் பல வருஷம் அடிபட்டு, 1970-களின் கடைசியில் பல்லாயிரம் பேர் கூடும் அரங்குகளை நிரப்பினார். கடைசி வரிசைக்காரருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் அந்த வெள்ளை கோட்டு சூட்டு.

1977-இல் அவர் எழுதி நடித்த குறும்படம் ‘தி ஆப்சென்ட்-மைண்டட் வெய்ட்டர்’. ‘மறதிக்கார சர்வர்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழே நிமிஷம். இயக்கியவர், ‘ஜாஸ்’ படத்தின் திரைக்கதையில் பங்குள்ள கார்ல் காட்லீப். ஒரு கணவன், மனைவியை ஒரு ஓட்டலுக்கு அழைத்து வருகிறார். அங்கே ஒரு சர்வர். எதுவும் நினைவில் நிற்காது. கேட்டதையே கேட்பார், சொன்னது ஒன்று, வருவது ஒன்று. மனைவியாக நடித்த டெரி கார் கொதிக்கிறார். கணவனாக நடித்த பக் ஹென்றி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். இதெல்லாம் நடக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கூட்டி வந்திருக்கிறார். ஏன் கூட்டி வந்தார் என்பது பில் வரும்போது தெரியும். அதை நான் சொல்லப் போவதில்லை.

எல்லாரும் இந்தப் படத்தில் மார்ட்டினைப் பார்ப்பார்கள். நீங்கள் பக் ஹென்றியைப் பாருங்கள். பார்க்கிற நமக்குப் பதிலாக அங்கே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் “இதென்ன கூத்து?” என்கிறார், இன்னொருவர் வாய் திறக்காமல் “ஆமா” போடுகிறார். மேடையில் கூட்டம் செய்த வேலையை ஒரு மேசையில் இரண்டு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார் மார்ட்டின். அதனால் சிரிப்புக்காக எங்கேயும் இடம் விட வேண்டிய அவசியம் இல்லை. மனைவியின் முகத்துக்கு ஒரு வெட்டு, கணவனின் முகத்துக்கு ஒரு வெட்டு, அந்த இரண்டு விநாடியில் நமக்கு மூச்சு கிடைத்துவிடுகிறது.

படம் ஆஸ்கருக்குப் பரிந்துரையானது, கிடைக்கவில்லை. தன் மேடை நிகழ்ச்சிகளில் தான் வருவதற்கு முன் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டும் வழக்கம் மார்ட்டினுக்கு இருந்தது. கெட்டிக்காரத்தனம்! 1979-இல் ‘தி ஜெர்க்’ என்ற முழுநீளப் படம் வந்தது, 1981-இல் ஸ்டாண்ட்-அப்பையே விட்டுவிட்டார்.

இப்போது நாம் பார்க்கப்போகும் படத்துக்கு வருகிறேன். ஸ்டீவன் ரைட். பாஸ்டன் பக்கத்துக்காரர், 1955-இல் பிறந்தவர். 1979-இல் மேடையேறத் தொடங்கினார். அவர் வளர்ந்த இடங்களில் ஒன்று கேம்பிரிட்ஜில் ‘டிங் ஹோ’ என்ற சீன ஓட்டல். ஒரு பக்கம் நூடுல்ஸ், ஒரு பக்கம் நகைச்சுவை. 1982-இல் தன் பிள்ளைகளுக்குக் கல்லூரி பார்க்க அந்தப் பக்கம் வந்த பீட்டர் லாசலி அங்கே எட்டிப் பார்த்தார். அவர் ஜானி கார்சனின் ‘டுநைட் ஷோ’ தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். அந்த ஆகஸ்டிலேயே ரைட் கார்சன் மேடையில் நின்றார், ஒரு வாரத்துக்குள் திரும்பவும் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கலைந்த சுருட்டை முடி. முகத்தில் எதுவும் இருக்காது. குரல் ஏறாது, இறங்காது. ரயில்வே நிலையத்தில் ‘பயணிகளின் கவனத்திற்கு’ சொல்கிற குரலுக்குக்கூட இதைவிட உணர்ச்சி அதிகம். ஒரு வரி சொல்வார், அதற்கும் அடுத்த வரிக்கும் சம்பந்தம் இருக்காது. ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்: யாரோ ராத்திரி வீட்டுக்குள் புகுந்து எல்லாச் சாமானையும் எடுத்துவிட்டு, அச்சு அசலாக அதே மாதிரி சாமான்களை வைத்துவிட்டுப் போய்விட்டார்களாம். அறையில் கூட இருப்பவனிடம் சொன்னாராம். அவன், ‘நீங்க யாரு?’ என்று கேட்டானாம்.

இதை எப்படிப் படம் எடுப்பீர்கள்? கேமராவைத் திருப்புங்கள். மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. அதே மேசை, அதே நாற்காலி. கேமராவுக்கு இந்த ஜோக் தெரியவே தெரியாது! முழுக்கச் சொல்லில் மட்டும் இருக்கிற பொருள் இது. இப்படிப்பட்ட சரக்கு மட்டுமே கைவசம் உள்ளவர், கதையும் இல்லை, நடிப்பும் இல்லை, முகபாவமும் இல்லை என்றால், எதை வைத்துக் குறும்படம் எடுப்பது?

1988-இல் வந்தது ‘தி அப்பாயின்ட்மென்ட்ஸ் ஆஃப் டென்னிஸ் ஜென்னிங்ஸ்’. ரைட்டும் மைக் ஆம்ஸ்ட்ராங்கும் எழுதினார்கள், டீன் பாரிசாட் இயக்கினார். சுமார் அரை மணி நேரம். டென்னிஸ் ஜென்னிங்ஸ் கூச்ச சுபாவி, தனக்குள்ளேயே வாழ்கிறவர், தொழில் சர்வர். ஆமாம், இவரும் சர்வர்தான். இது தற்செயலாக இருக்கலாம். ஆனால் உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் தனியாக நின்று, அவர்கள் முகத்தைப் பார்த்து, பிடித்ததா இல்லையா என்று தவிக்கிற வேலை ஸ்டாண்ட்-அப்பை விட்டால் அதுதானே? சீன ஓட்டலில் ஜோக் சொல்லி வளர்ந்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்.

டென்னிஸ் ஒரு மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கிறார். இந்த ஒரு முடிவில்தான் படத்தின் மூளை இருக்கிறது. மேடையில் ஒன்றுக்கொன்று ஒட்டாத வரிகளைச் சொல்வதற்கு மேடையே சலுகை தருகிறது. கதையில் ஒரு மனிதன் அப்படிப் பேசினால் பக்கத்தில் இருப்பவர் ‘உடம்பு கிடம்பு சரியில்லையா?’ என்று கேட்பார். அப்படிப் பேசியும் யாரும் ஆச்சரியப்படாத ஒரே இடம் அந்த மருத்துவரின் அறை. மனதில் வந்ததைச் சொல்லத்தானே காசு கொடுத்துப் போகிறோம். ரைட்டின் துண்டு வரிகள் அங்கே நோயாளியின் பேச்சாகச் சாதாரணமாக உட்கார்ந்துவிடுகின்றன.

அந்த மருத்துவர் யார் தெரியுமா? ரோவன் அட்கின்சன். நம் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த மிஸ்டர் பீன். அந்தத் தொடர் 1990 ஜனவரி 1-ஆம் தேதிதான் ஆரம்பித்தது. இது அதற்கு முந்தையது. ரப்பர் மாதிரி வளைகிற முகம் உள்ள ஆளையும் மரக்கட்டை மாதிரி முகம் உள்ள ஆளையும் எதிரெதிரே உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த மருத்துவருக்கோ நோயாளி சொல்வதில் அக்கறையே இல்லை. மனசு வேறெங்கோ இருக்கிறது. காதலியாக வரும் லாரி மெட்காஃப்புக்கும் தன்னைப் பற்றித்தான் நினைப்பு.

இங்கேதான் ரைட், மார்ட்டினைத் தாண்டிப் போகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. மார்ட்டின் தனக்கு ஆமாம் போட ஆள் வைத்துக்கொண்டார். ரைட், காசு வாங்கிக்கொண்டு ஆமாம் போடாத ஆளை வைத்தார். கேட்பதே தொழிலாக உள்ளவன் கேட்கவில்லை. மேடையில் நிற்கிற எவனுக்கும் அடிவயிற்றில் இருக்கிற பயம் அது. எதிரே முகங்கள் இருக்கின்றன, காது ஒன்றுகூட இல்லை. அந்தப் பயத்தையே கதையாக்கிவிட்டார். சிரிப்பு வராத இடைவெளி, அந்தப் பையனின் படத்தில் ஓட்டையாக இருந்தது. இங்கே அதுதான் சம்பவம். மருத்துவர் பதில் சொல்லாத ஒவ்வொரு விநாடியும் நாம் அவருக்குப் பதிலாகச் சிரித்து வைக்கிறோம்.

1989-இல் இதற்குக் குறும்பட ஆஸ்கர் கிடைத்தது. மேடையேறிய ரைட், படத்தில் இன்னொரு 60 நிமிஷத்தை வெட்டியது நல்லதாகப் போயிற்று என்று அதே மரக்கட்டை முகத்தோடு சொல்லிவிட்டு இறங்கினார். கூரை பறந்தது. பின்னால் 1999-இல் ‘ஒன் சோல்ஜர்’ என்று கறுப்பு வெள்ளையில் இன்னொரு குறும்படம் எடுத்தார். அது வேறு சுவை. இன்னொரு நாள் பேசலாம், அதற்குள் யாருக்காவது காய்ச்சல் வராமலா போகும்.

அந்தப் பையன் கதை பாக்கி இருக்கிறது. எல்லா டேக்கையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் தூக்கிப் போட்டிருந்த ஒன்று கண்ணில் பட்டது. ஃபிரேமின் ஓரத்தில் அவன் அம்மா. கேமரா ஓடுவது தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார். இவன் ரிமோட் திருட்டைக் கைகால் ஆட்டி விவரித்துக்கொண்டிருக்கிறான். பஞ்ச் வந்தது. அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அப்பா முழிச்சிக்கப் போறாரு, மெல்லப் பேசுடா” என்றார். நானும் அவனும் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்டினார். அந்த டேக்கை ஏன் தூக்கிப் போட்டாய் என்று கேட்டேன். “அம்மா நடுவுல வந்துட்டாங்க சார்” என்றான்.

சரி, நேரமாகிறது. படத்தைப் போடலாம். ஸ்டீவன் ரைட் ரொம்ப மெல்லப் பேசுவார். கடைசி வரிசையில் இருக்கிற தம்பி, உங்கள் தலைக்கு மேலே கிறீச்சிடுகிற அந்த ஃபேனை மட்டும் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள்.